ரசீதோடு வாருங்கள்

2011 டிசம்பர் மாதம் என்று நினைவு. நான் ஓய்வு பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. காலை காபியை முடித்துவிட்டு பேப்பரை விரித்திருந்தேன். வாசலில் தெருக்கோடி வீட்டு நண்பர் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஹார்லிக்ஸ் பாட்டில், அரை டஜன் ஆப்பிள், ஒரு கவர். கவருக்குள் ஐநூறு ரூபாய்.

அதற்கு முந்தின வாரம் அவருடைய அக்காவின் ஃபேமிலி பென்ஷன் பேப்பர்களைப் பார்த்து ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். அரை மணி நேர வேலை. ரயில்வே கணக்குப் பிரிவில் 35 வருடம் குப்பை கொட்டியவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. "இதெல்லாம் என்ன சார், எடுத்துட்டுப் போங்க" என்று பையை அவர் கையிலேயே திணித்து அனுப்பிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போனதை நான் கவனிக்கவில்லை. என் மனைவி கவனித்தாள்.

ஆறு மாதம் கழித்து அதே நண்பருக்குத் தன் பென்ஷனில் ஒரு சந்தேகம் வந்தது. பத்து வீடு தள்ளி நான் இருக்கிறேன். அவர் என்னிடம் வரவில்லை. ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு எழுதித் தரும் ஒருவரிடம் போய் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு ஒரே வருத்தம்.

மனைவி சொன்னாள்: "நீங்க அன்னிக்கு அந்த ஆப்பிளையாவது வாங்கி வெச்சிருக்கணும். ஒருத்தர்கிட்ட இலவசமா எத்தனை தடவைதான் போய் நிக்க முடியும்? அவருக்கும் ரோஷம் இருக்காதா?"

நான் யோசிக்காத விஷயம். ஃபீஸ் வாங்க எனக்கு மனசில்லை. வாங்காவிட்டால் வருகிறவர்களுக்குக் கூசுகிறது. என்ன செய்வது?

வழியையும் அவளே சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் அவள் அங்கே காய் நறுக்கிக் கொடுக்கப் போவாள். "அந்த ஐநூறை அங்க கட்டிட்டு வரச் சொல்லியிருந்தா, அவருக்கும் நிம்மதி, பிள்ளைகளுக்கும் ரெண்டு நாள் அரிசி."

இப்படித்தான் ஆரம்பித்தது. யார் வந்தாலும் ஒரே பதில்: "எனக்கு ஒண்ணும் வேண்டாம். இல்லத்துல உங்களால முடிஞ்சதைக் கட்டிட்டு ரசீதோடு வாங்க. உட்கார்ந்து பார்த்துடலாம்." பொன்மலை, பொன்மலைப்பட்டி, சுப்பிரமணியபுரம் பக்கமெல்லாம் செய்தி பரவிவிட்டது. எனக்கு "ரசீது சார்" என்று பெயரே வந்துவிட்டது.

பொன்மலையில் இந்த மாதிரி வேலைக்குப் பஞ்சமே கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறை இங்கே வந்த நாளிலிருந்து தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக அதன் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, அதே சத்தத்துக்குச் சாப்பிட்ட குடும்பங்கள் உண்டு. ஆண்கள் போன பிறகு பென்ஷன் புத்தகத்தோடு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பெண்கள்தான். கணவர் இருந்தவரை பேங்குக்குள் காலெடுத்து வைக்காதவர்கள்.

அவர்கள் கொண்டுவரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். "அவர் போனதும் பாதி பென்ஷன் வந்துச்சு. இப்ப திடீர்னு குறைச்சுட்டாங்க தம்பி" என்பார்கள். யாரும் குறைக்கவில்லை. ஓய்வு பெற்றவர் இறந்தால் ஏழு வருடம் வரை, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கவேண்டிய நாள் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை கூடுதல் விகிதம். அதன் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த அம்மா அதிர்ந்திருக்க மாட்டார்.

இன்னொன்று 80 வயது விஷயம். பென்ஷன்தாரருக்கோ, ஃபேமிலி பென்ஷன் வாங்குபவருக்கோ 80 வயது ஆகும் மாதத்திலிருந்து அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் முழுசாக ஒரு மடங்கு. ஆனால் பழைய பி.பி.ஓ.க்களில் கணவரின் பிறந்த தேதி இருக்கும். மனைவியின் பிறந்த தேதி இருக்காது. பேங்க் கம்ப்யூட்டருக்கு அந்த அம்மாவுக்கு 80 ஆனது எப்படித் தெரியும்?

2015-இல் ஒரு பெரியம்மா வந்தார். கணவர் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அம்மாவுக்கு 84 வயது. நாலு வருடமாக வந்திருக்கவேண்டிய 20 சதவீதம் வரவேயில்லை. கேட்கவேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. வேறு எதற்கோ வந்தவர், நான் பென்ஷன் புத்தகத்தைப் புரட்டும்போது கண்ணில் பட்டது. வயதுச் சான்று வைத்து, மனு எழுதி, நாலைந்து முறை நடந்து, அகவிலைப்படியோடு சேர்த்து ஐம்பதாயிரத்துக்கு மேல் அரியர்ஸ் வந்தது. பெரியம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிற்று. மறைப்பானேன்?

எல்லாரும் அந்தப் பெரியம்மா மாதிரி இருக்க மாட்டார்கள். ஒருவர் காரில் வந்தார். பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். வருமான வரிக் கணக்கைப் பார்த்துத் தரவேண்டும் என்றார். இல்லத்தில் ஐயாயிரம் ரூபாய் ரொக்கமாகக் கட்டியிருந்தார். அன்றிலிருந்து ராத்திரி பத்து மணிக்கெல்லாம் போன். "நான் ஐயாயிரம் கொடுத்திருக்கேனே" என்பார், ஒவ்வொரு முறையும். கடைசியில் அந்த ஐயாயிரத்துக்கு 80ஜி கழிவு போடச் சொன்னார். 2017 ஏப்ரலிலிருந்து, இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தக் கழிவு கிடையாது, செக்கிலோ பேங்க் வழியாகவோ கட்டியிருக்கவேண்டும் என்றேன். "இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்று கோபித்துக்கொண்டு போனவர்தான். (அதிலும் இப்போது புதிய வரித் திட்டத்துக்கு மாறியவர்களுக்கு 80ஜி அறவே கிடையாது. படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.)

அவரைப் பற்றி அப்போது வீட்டில் சிரித்துக்கொண்டோம். "முன்னாடியே சொல்ல வேண்டாமா" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

இனி சொல்லப் போவதை நான் இதுவரை எழுதியதில்லை. மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதும் இல்லை.

2018 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துப் பிழைப்பவர். கையில் ஐநூறு ரூபாய்க்கு ரசீது. அப்பா ரயில்வேயில் வெல்டராக இருந்து இறந்துபோனவர். அம்மா ஃபேமிலி பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்து 2012-இல் இறந்துவிட்டார். இவர் ஒரே மகள். கணவரோடு ஒத்துவராமல் 2010-இல் விவாகரத்து மனு போட்டு, தீர்ப்பு வந்தது 2013-இல். "விவாகரத்தான மகளுக்கும் பென்ஷன் உண்டுன்னு சொல்றாங்களே சார், எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார்.

விவாகரத்தான மகளுக்கும் விதவை மகளுக்கும் 25 வயதுக்கு மேலும் ஃபேமிலி பென்ஷன் உண்டு. 2004-இலேயே ஆணை வந்துவிட்டது. ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே விவாகரத்து ஆகியிருக்கவேண்டும். இவருக்குத் தீர்ப்பு வந்தது அம்மா போன பிறகு. எனக்கு விதி மனப்பாடம். புத்தகத்தைப் புரட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன்: "உங்களுக்கு வராதும்மா. தீர்ப்பு ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா கிடைச்சிருக்கும்."

அவர் ஒன்றும் பேசவில்லை. பேப்பர்களை அடுக்கி பையில் போட்டுக்கொண்டு, "சரிங்க சார்" என்று எழுந்து போனார். மனைவி கொடுத்த காபி பாதி டம்ளரில் அப்படியே இருந்தது.

2019 அக்டோபர். ஓய்வூதியர் சங்கத்தில் ஒரு நண்பர் பழைய சுற்றறிக்கைகளின் கட்டு ஒன்றைக் கொடுத்தார். பொழுது போகாமல் ஒரு மத்தியானம் புரட்டிக்கொண்டிருந்தேன். 2017 ஜூலையில் வந்த ஓர் ஆணை கண்ணில் பட்டது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே கோர்ட்டில் விவாகரத்து மனு போட்டிருந்தால் போதும். தீர்ப்பு அவர்கள் இறந்த பிறகு வந்திருந்தாலும் மகளுக்கு ஃபேமிலி பென்ஷன் உண்டு. விவாகரத்துத் தேதியிலிருந்தே கணக்கிடலாம்.

2017 ஜூலை. அந்தப் பெண் என்னிடம் வந்தது 2018 ஜனவரி. அவர் என் எதிரே உட்கார்ந்திருந்த அன்றைக்கு அந்த ஆணைக்கு ஆறு மாத வயது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்கு நானே பல சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நான் என்ன வக்கீலா? காசு வாங்கினேனா? தெரிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதானே? எவ்வளவு சொன்னாலும் மனசு ஒப்பவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இதே தவறைச் செய்திருந்தால், "காசு வாங்கினியே, ஒழுங்காப் பார்த்தியா?" என்று அந்தப் பெண் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். என்னை எப்படிக் கேட்பார்? நான் தர்மவான் ஆயிற்றே! நான் "வராது" என்று சொன்னதும் மறுவார்த்தை பேசாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தோன்றியது. வேறு யாரிடமும் அவர் விசாரிக்கவும் இல்லை என்று பிறகு தெரிந்தது. "காசு வாங்காத மனுஷன் பொய் சொல்ல மாட்டார்னு இருந்துட்டேன்" என்றார்.

பொய் சொல்லவில்லைதான். ஆனால் சரியாகப் பார்க்கவும் இல்லையே.

அவரைத் தேடவேண்டும். பெயர் பாதிதான் நினைவில் இருந்தது, விலாசம் தெரியாது. ஆபீசில் ஒரு துண்டுச் சீட்டைக்கூட ஃபைல் பண்ணி வைத்தவன், வீட்டில் யார் வந்தார்கள் என்று ஒரு நோட்டுகூடப் போடவில்லை. மறுநாள் காலை மனைவிதான் சொன்னாள்: "ரசீது கொண்டு வந்தாளே. இல்லத்துல கார்பன் காப்பி இருக்குமே?"

இருந்தது. 2018 ஜனவரி ரசீதுப் புத்தகம். அவர் பெயர், பொன்மலைப்பட்டி விலாசம், ரூபாய் ஐநூறு. அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு திருவெறும்பூர் பக்கம் போய்விட்டதாகப் பழைய வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு நாள் அலைந்து கண்டுபிடித்தேன். ஒற்றை அறை வீடு. வாசலிலேயே மெஷின்.

நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. உங்களுக்கு பென்ஷன் உண்டு. அன்னிக்கே உண்டு."

அவர் மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கே பார்த்துச் சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் சொன்னார். அவருடைய மகள் 2018-இல்தான் பிளஸ் டூ முடித்தாளாம். நல்ல மார்க். காலேஜில் சேர்க்க வழியில்லாமல், மெயின்கார்ட்கேட் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார். காலையிலிருந்து ராத்திரி கடை மூடும்வரை நின்றுகொண்டே வேலை.

நான் சட்டைப் பையிலிருந்து ஐநூறு ரூபாயை எடுத்தேன். முட்டாள்தனம்தான். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது உங்களுக்குக் கொடுத்தது இல்லையே சார், திருப்பித் தர. பிள்ளைங்களுக்குக் கொடுத்தது, அது போகட்டும். உள்ள வச்சுட்டு, என் பேப்பரைப் பாருங்க."

பார்த்தேன். குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்ட தேதிக்குச் சான்றிட்ட நகல், தீர்ப்பு நகல், அப்பா அம்மா இருவரின் இறப்புச் சான்றிதழ், பழைய பி.பி.ஓ., தாசில்தார் தரும் வருமானச் சான்று. மாத வருமானம், குறைந்தபட்ச ஃபேமிலி பென்ஷனான 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டக்கூடாது என்பது விதி. தையலில் எங்கே தாண்டுவது! ஒவ்வொரு காகிதத்துக்கும் நானே கூடப் போனேன். எல்லாம் கொடுத்து முடித்த நேரத்தில் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. உத்தரவு கையில் கிடைத்தது 2021 பிப்ரவரியில். 2013-ஆம் வருடத் தீர்ப்புத் தேதியிலிருந்து அரியர்ஸ்.

பணக் கணக்கில் பார்த்தால் அவருக்கு நஷ்டமில்லை. எல்லாம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் பிள்ளை ஜவுளிக்கடையில் நின்ற இரண்டரை வருடத்துக்கு அரியர்ஸ் போடும் ஆபீஸ் எங்கேயும் கிடையாது. பிறகு தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர்ந்து முடித்தாள். இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அந்த லட்டு தொண்டையில் இறங்கச் சிரமப்பட்டது.

"பேசாம விட்டுடுங்களேன், இந்த வயசுல எதுக்கு?" என்று மகன் சொன்னான். ஒரு மாதம் யாரையும் பார்க்காமல்தான் இருந்தேன். ஆனால் 80 வயது தெரியாத பெரியம்மாக்கள் இன்னும் வருகிறார்களே. விடவில்லை. முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

இப்போது ரசீதோடு வரச் சொல்வதில்லை. வேலை முடிந்து, பணம் கைக்கு வந்த பிறகு, மனசிருந்தால் இல்லத்தில் கட்டலாம். எவ்வளவு என்று நான் சொல்வதும் இல்லை, கட்டினார்களா என்று கேட்பதும் இல்லை. "முடிஞ்ச பிறகு யார் சார் கட்டுவாங்க?" என்று இல்லத்து நிர்வாகி கவலைப்பட்டார். சிலர் மறந்துதான் போகிறார்கள். ஆனால் கட்டுகிறவர்கள் முன்னைவிடக் கூடவே கட்டுகிறார்கள் என்று அவரே பிறகு சொன்னார்.

ஒரு நீளமான நோட்டு வாங்கினேன். வருபவர் பெயர், போன் நம்பர், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எந்த ஆணையைப் பார்த்துச் சொன்னேன், எல்லாம் எழுதுகிறேன். புது ஆணை ஏதாவது வந்தால் நோட்டைப் புரட்டி, யாருக்குப் பொருந்துமோ அவர்களுக்குப் போன் போடுகிறேன்.

மூன்றாவது, "உங்களுக்கு வராது" என்பதை ஒருவரிடமும் அதே நாளில் சொல்வதில்லை. "அடுத்த வாரம் வாங்க, பார்த்து வைக்கிறேன்" என்றுதான் சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த விதியாக இருந்தாலும் சரி. நன்றாகத் தெரிந்த விதி என்றால் இரண்டு தடவை பார்க்கிறேன்.

காசு வாங்காமல் செய்வதாலேயே நாம் செய்வது சரியாகிவிடுகிறது என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. அந்த ஐநூறு ரூபாய் யார் பெயரில் போனாலும், அவர் அதைக் கொடுத்தது என் வாயிலிருந்து வரும் பதிலுக்காக. ஆபீசில் ஒரு பில்லில் கையெழுத்துப் போடும்முன் எத்தனை தடவை பார்ப்பேனோ, அத்தனை தடவை அவர் பேப்பரையும் பார்த்திருக்கவேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 68 வயது ஆகவேண்டியிருந்தது.

இதைப் படிக்கும் மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே உங்கள் பி.பி.ஓ.வை எடுத்து, அதில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் நடமாட்டமாக இருக்கும்போதே திருத்தி வைத்துவிடுங்கள். விவாகரத்தான அல்லது விதவையான மகள் வீட்டில் இருந்தால், அவருடைய கோர்ட்டுப் பேப்பர்களையும் அதே ஃபைலில் போட்டு, ஃபைல் எங்கே இருக்கிறது என்று அவரிடமும் சொல்லிவையுங்கள்.

நேற்று சாயங்காலம் ஒரு அம்மா வந்திருந்தார். கணவர் போய் ஒன்பது வருடம். கேள்வி கொஞ்சம் சிக்கலானது. எனக்குப் பதில் தெரியும் என்றுதான் தோன்றியது. நோட்டில் எழுதிக்கொண்டு, "அடுத்த புதன்கிழமை வாங்கம்மா" என்றேன். "உங்களுக்கே தெரியாதா தம்பி?" என்று சந்தேகமாகப் பார்த்தார்.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.